தொலைநோக்கியால் படமெடுக்கும் இரவு: ஆயத்தம் செய்வது எப்படி?

பொழுது விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவச் சென்றவர்களின் குடும்பங்கள் நம் பள்ளியில் பல உண்டு. சுபாங் ஜெயா இன்று மாடிவீடுகளும் கடைத்தெருக்களும் நிறைந்த நகரம். 1976ஆம் ஆண்டில் நகரமைப்பு வேலை தொடங்குமுன் இந்நிலப்பகுதி சீபீல்டு தோட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. பெரட்டுக்குப் புறப்படும்பொழுதே வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்று மழை வருமா, வேலை உண்டா என்று கணித்தவர்கள் நம் முன்னோர். மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று சீவ இயலாது, கூலியும் குறையும். ஆகவே, வானத்தைப் பார்த்து வேலையைத் திட்டமிடுவது நமக்குப் புதிய பாடமன்று.

அவ்வாறே வானத்தைப் பார்த்து ஓர் இரவைத் திட்டமிடுகின்றவர்கள் வானநூலார் ஆவர். தொலைநோக்கியின் வாயிலாக விண்மீன்களைப் படமெடுக்கும் அவர்கள், இருட்டிய பின்னர்த்தான் வேலையைத் தொடங்குகின்றார்கள் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அவ்வேலையின் பெரும்பகுதி பகலிலும், அதற்கும் முந்திய வாரங்களிலும் முடிந்துவிடுகின்றது. அதனை இக்கட்டுரையிற் காண்போம். எடுத்துக்காட்டுக்குத் தமிழ்நாட்டிலுள்ள காவலூரைக் கொள்வோம்.

சவ்வாது மலைத்தொடரில், வாணியம்பாடி, ஆலங்காயம் ஆகிய ஊர்களுக்கு அப்பால், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காடு சூழ்ந்த சிற்றூர் காவலூர். கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு என்னும் அறிஞர், இரவு வானத்தை ஆராய்வதற்கு ஏற்ற இடத்தைத் தேடினார். நகர விளக்கொளி எட்டாத இடம் வேண்டும். மேகமற்ற இரவுகள் மிகுதியாக வேண்டும். வடவானத்தோடு தென்வானத்தையும் காணத்தக்கதாக நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலும் இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் ஆராய்ந்தே காவலூர் தெரிந்தெடுக்கப்பட்டது. 1968இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியோடு அங்கு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நம் வகுப்பறைக் கதவைவிட உயரமான ஒரு வட்டக் கண்ணாடியை மனத்திற் கொண்டால் அதன் அளவு விளங்கும். அதனைக் காண வைணு பாப்பு உயிரோடில்லை. அவர் 1982இல் மறைந்தார். அந்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கண்ணுக்குத் தெரியாத விண்மீன் படத்தில் மட்டும் எவ்வாறு தெரிகின்றது? இதனைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. மரத்தைச் சீவியவுடன் பால் குடமாகக் கொட்டுவதில்லை. துளித்துளியாக இறங்கி மங்கில் நிறைகின்றது. நம் கண்ணோ மங்கில்லாத மரத்தைப் போன்றது. வந்த ஒளியை அது சேர்த்து வைப்பதில்லை. அவ்வப்பொழுது வந்ததை அவ்வப்பொழுதே கண்டு கழித்துவிடுகின்றது. படக்கருவி மங்கைப் போன்றது. பத்து நிமிடம் திறந்து வைத்தால் பத்து நிமிட ஒளியும் அதிற் சேர்கின்றது. முற்காலத்தில் மருந்து பூசிய கண்ணாடித் தட்டுகளில் ஒளியைச் சேர்த்தார்கள். இக்காலத்தில் மின்னணு உணரியில் சேர்க்கின்றார்கள். மங்கு மாறிற்றே தவிர முறை மாறவில்லை.

ஆயினும் இதில் ஓர் இடையூறு உண்டு. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றன. முழுநிலவின் அகலம் அரைப்பாகை. எனவே இரண்டே நிமிடத்தில் ஒரு விண்மீன் ஒரு நிலவின் அகலம் நகர்ந்துவிடும். தொலைநோக்கி அசையாதிருந்தால் படத்தில் புள்ளிக்குப் பதிலாகக் கோடுதான் விழும். ஆகையால் பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை அமைத்து, பூமி சுழலும் வேகத்திலேயே தொலைநோக்கியை எதிர்த்திசையில் திருப்புகின்றார்கள். காவலூரில் அவ்வச்சு ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை சாய்ந்திருக்கும். சுபாங் ஜெயாவிலோ மூன்றே பாகைதான்; ஏறக்குறையப் படுத்திருப்பது போல் தோன்றும். துருவ விண்மீன் நமக்கு அடிவானத்திலேயே ஒளிந்து கிடப்பதும் இதனால்தான்.

இனித் திட்டத்திற்கு வருவோம். முதலிற் பார்க்க வேண்டியது நிலவு. இதற்கு விலையுயர்ந்த நூல் எதுவும் வேண்டா. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். பௌர்ணமியன்று வானம் முழுவதும் பால்போல் வெளுத்துவிடும். மங்கலான பொருள்கள் அவ்வெளிச்சத்தில் மூழ்கிப்போகும். அமாவாசையை ஒட்டிய இரவுகளே மங்கலான பொருள்களைப் படமெடுக்க ஏற்றவை. நாள்தோறும் நிலவு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுகின்றது என்பதைக் கொண்டு, எந்த இரவில் எத்தனை மணி நேரம் இருள் கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதற்குக் காவலூரிலேயே நல்ல சான்று உண்டு. 1988 பிப்ரவரி 17ஆம் நாள், இராஜமோகன் தலைமையிலான குழுவினர் அங்குள்ள சிமிட் வகைத் தொலைநோக்கியின் மூலம் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வானப்பகுதியை இடைவெளி விட்டு இருமுறை படமெடுத்து ஒப்பிடும்பொழுது, விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் மட்டும் இடம் மாறியிருக்கும். அவ்வாறு சிக்கிய அச்சிறுகோள் 4130 என்னும் எண்ணைப் பெற்று, கணித மேதை இராமானுஜனின் பெயரால் வழங்குகின்றது. அந்த நாளை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் அது மாசி மாத அமாவாசை, சிவராத்திரிக்கு மறுநாள். ஊரார் கண்விழித்த இரவுக்கு அடுத்த இரவில் அவர்கள் கண்விழித்திருக்கின்றார்கள்! (சென்னையிலிருந்த பழைய வானாய்வு நிலையத்தில் போக்சன் என்பவர் 1861இலேயே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவருக்குப் படத்தட்டின் உதவியில்லை. கண்ணும் விண்மீன் வரைபடமுமே துணை.)

அடுத்துப் பார்க்க வேண்டியது, எப்பொருள் எந்நேரத்தில் உச்சிக்கு வருகின்றது என்பது. அடிவானத்திலுள்ள விண்மீனின் ஒளி தடித்த காற்றினூடே வருகின்றது. முப்பது பாகை உயரத்திலுள்ள ஒன்று, தலைக்குமேலுள்ளதைப் போல் இருமடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கின்றது. தூசும் ஈரமும் அதற்கேற்ப மிகுகின்றன. எனவே மேற்கே மறையவிருப்பதை முதலிலும், உச்சியிலிருப்பதை அடுத்தும், கிழக்கே எழுவதைக் கடைசியிலுமாக வரிசைப்படுத்துவர். நிரையில் எந்த மரத்தை முதலிற் சீவுவது என்று ஒழுங்கு வைத்திருப்பதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் இங்கே மரங்களே நகர்ந்துகொண்டிருக்கின்றன.

பகல் வேலையைச் சுருக்கமாகக் கூறுவோம். கதிரவன் மறையுமுன்னரே கூண்டின் கதவைத் திறந்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சூடான கண்ணாடிக்குமேல் காற்று நெளியும். வெயிலில் தார்ச்சாலை நெளிவதை நாம் கண்டிருக்கின்றோம். அந்தி வெளிச்சம் இருக்கும்பொழுதே வெறும் வானத்தைச் சில படங்கள் எடுத்துக்கொள்வர். கருவியிலுள்ள தூசும் ஓரங்களின் மங்கலும் அப்படங்களிற் பதிவதால், பின்னர் நல்ல படத்திலிருந்து அக்குறைகளை நீக்கலாம். மூடியைப் போட்டு இருட்டிலும் சில படங்கள் எடுப்பர். ஒளியே இல்லாதபொழுதும் உணரி தானாகக் காட்டும் பொய்ப்புள்ளிகள் அவற்றில் வெளிப்படும். நம் நாட்டில் கதிரவன் மறைந்து முழு இருள் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் செல்லும். இவ்வேலைகளுக்கு அது போதுமானது. பின்பு ஒரு பிரகாசமான விண்மீனைக் குறிவைத்துக் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். இரவு குளிரக் குளிர உலோகக் குழாய் சுருங்குவதால் இதனை நள்ளிரவிலும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். சோம்பல் கொண்டவர்கள் தவறவிடுவது இவ்விடத்தில்தான்.

ஒவ்வொரு படத்திற்கும் நேரம், பொருள், எத்தனை நொடி திறந்திருந்தது, வானத்தின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவர். பனியோ மேகமோ மிகுந்தால் உடனே கூண்டை மூடுவர். மூடிய நேரத்தையும் எழுதுவர்.

இத்தனை கணக்கும் எதற்காக? ஒரே ஓர் இரவில் மட்டும் நிகழக்கூடிய காட்சிகள் உண்டு. தவறினால் திரும்ப வாரா. 1977 மார்ச் 10ஆம் நாள் இரவில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து அதனை மறைக்கும் என்பது முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. கோளின் அளவையும் அதன் காற்றையும் அறிய அது அரிய வாய்ப்பு. எலியட் என்னும் அறிஞரின் குழு, தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தது. காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியை அதே விண்மீன்மீது நிறுத்தினார்கள். அன்றைய வேலை படமெடுப்பதன்று. விண்மீனின் ஒளியை நொடிக்கு நொடி அளந்து பதிவு செய்வது. ஆயினும் திட்டமிடும் முறை ஒன்றே.

கணித்த நேரம் சற்று முன்பின்னாக இருக்கலாம் என்பதனால், வானூர்தியில் இருந்தவர்கள் அரைமணிக்கும் மேலாக முன்னதாகவே பதிவைத் தொடங்கிவிட்டார்கள். கோள் இன்னும் விண்மீனை நெருங்கவில்லை. அதற்குள் விண்மீனின் ஒளி திடீரென்று மங்கி மீண்டது! சிறிது நேரத்தில் மறுபடியும் மங்கியது. கோள் கடந்து சென்ற பின்னரும் அதே தொலைவுகளில் அதே வகையான மங்கல்கள் தோன்றின. காவலூரிலும் விண்மீன் சில நொடிகள் மங்கியது பதிவாயிற்று. அதனைப் புதிய துணைக்கோள் என்றே முதலிற் கருதினார்கள். பின்னர் எல்லாப் பதிவுகளையும் ஒப்பிட்டபொழுது உண்மை தெளிவாயிற்று: யுரேனசைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கின்றன. அதுவரை சனிக்கு மட்டுமே வளையம் உண்டென்று பாடநூல்கள் கூறிவந்தன. இன்று யுரேனசுக்கு 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன. பதிவுக் கருவியைக் குறித்த நேரத்திற்குச் சரியாகத் தொடங்கியிருந்தால் அந்த முதல் மங்கல்களை வானூர்தியினர் கண்டிருக்கமாட்டார்கள். திட்டத்தில் அரைமணி நேரத்தை வெறுமனே விட்டுவைத்ததே அவர்களுக்குப் பேறாயிற்று.

இவ்வளவு எழுதிய நாமும் ஒரு தவற்றினைச் செய்தோம், அதனை மறைப்பதற்கில்லை. சென்ற ஆண்டு பள்ளித் திடலில் சிறு தொலைநோக்கியை வைத்துப் படமெடுக்க ஓர் இரவைக் குறித்தோம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வசதியான சனிக்கிழமையைத் தேர்ந்தோமே ஒழிய, நாட்காட்டியில் திதியைப் பார்க்கவில்லை. மாணவர்கள் பாயும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்தமர்ந்தார்கள். வானத்தில் பெரிய நிலவு நின்றது. “ஏகாதசி நிலவாச்சே ஐயா, இன்னிக்கு என்ன தெரியும்?” என்று, தோட்டத்தில் பல்லாண்டு வேலை செய்த ஒரு பெற்றோர் மெதுவாகக் கேட்டார். எடுத்த படங்களெல்லாம் சாம்பல் நிறமாக வந்தன. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து போகாமல் நின்றாள். அவளுடைய தாத்தா மரம் சீவிய நாள்களில் விடியற்காலையில் கார்த்திகை அறுமீனைப் பார்த்தே நேரம் அறிவாராம். இப்பொழுது அவருக்குக் கண்பார்வை குன்றிவிட்டது. சுபாங் ஜெயாவின் விளக்கொளியில் மற்றவர்களுக்கும் அறுமீன் எளிதில் தெரிவதில்லை. அதனைப் பெரிய படமாகக் கொண்டுவந்து காட்டுவதாக அவரிடம் அவள் சொல்லியிருந்தாள். அன்று கொண்டுசெல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே வரும் பிப்ரவரி அமாவாசையை ஒட்டிய இரவுக்கு இப்பொழுதே திட்டம் வகுத்துள்ளோம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வந்தாலும் அது மழைக்காலம். பட்டாசுப் புகையும் சேரும். சீனப் புத்தாண்டும் அமாவாசையை ஒட்டியே பிறப்பதால், பிப்ரவரியில் அது வருமாயின் இரண்டொரு நாள் தள்ளி வைத்துக்கொள்வோம்.

நம் திடலில் கிழக்கே கோலாலம்பூரின் ஒளி. மேற்கே ஷா ஆலாம், கிள்ளான் ஆகியவற்றின் ஒளி. தலைக்கு நேர்மேலே உள்ள வானமே ஓரளவு இருண்டது. நற்பேறாக, பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் மிருகசீரிடத்தை உள்ளிட்ட வேட்டைக்காரன் என்னும் விண்மீன்கூட்டம் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும். அதன் இடைவாருக்குக் கீழேயுள்ள ஒளிமுகில் நகர வானத்திலும் படத்தில் விழக்கூடியது. கார்த்திகை அறுமீன் அப்பொழுது மேற்கே சற்றுச் சாய்ந்திருக்கும். எனவே முதற்படம் கார்த்திகை, அடுத்தது அவ்வொளிமுகில். நள்ளிரவை ஒட்டிப் பூச விண்மீன் கூட்டம் உச்சிக்கு வரும். தைப்பூசத்தன்று முழுநிலவு அதன் அருகிலேயே நிற்பதால் அதனை நாம் காண்பதில்லை. பிப்ரவரி அமாவாசையிற் காணலாம். விடியற்காலையில் தென்சிலுவை தெற்கே உயர்ந்து நிற்கும். ஆனால் அதன் உயரம் முப்பது பாகைக்கும் குறைவாதலால் விளக்கொளியில் அதற்காகக் காத்திருப்பது வீண் என்பது எங்கள் கருத்து. அதற்குத் தோட்டப்புறத்து இருள் வேண்டும்.

ஒரே படத்தைப் பத்து நிமிடம் எடுக்கமாட்டோம். பத்து நொடிப் படங்கள் அறுபது எடுத்துப் பின்னர் ஒன்றாகச் சேர்ப்போம். மங்குகளிலுள்ள பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பது போன்றது இது. சுபாங் விமான நிலையத்து விமானம் ஒன்று குறுக்கே சென்றால் கெடுவது ஒரு படம் மட்டுமே. அழுக்கு விழுந்த ஒரு மங்கை ஒதுக்குவது போல் அதனை ஒதுக்கிவிடலாம்.

வருகின்ற பெற்றோர்கள் பழைய நெற்றி விளக்குகளைக் கொண்டுவரலாம். ஆனால் கண்ணாடிமேல் சிவப்புத் தாளை ஒட்டிக் கொண்டுவர வேண்டுகின்றோம். வெள்ளொளி பட்டால் இருளுக்குப் பழகிய கண் மீண்டும் பழகுவதற்கு அரைமணி நேரம் ஆகும். குறிப்பேடு எழுதும் பொறுப்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுடையது. ஏழு மணிக்கே திடலில் இருத்தல் வேண்டும்; எட்டரைக்கு வந்தால் அந்திப் படங்கள் எடுக்க முடியாமற் போகும்.

மழை பெய்தால்? மறுநாள். மறுநாளும் பெய்தால் மார்ச் அமாவாசை. ஆனால் ஒரு மாதத்தில் விண்மீன்கள் இரண்டு மணி நேரம் முந்திவிடுகின்றன. மார்ச் நடுவில் இருட்டும்பொழுதே வேட்டைக்காரன் மேற்கே சாய்ந்திருக்கும். அறுமீன் பாதி வானத்திற்கும் கீழே இறங்கியிருக்கும். அப்பொழுது இருட்டிய முதல் கால்மணி நேரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குவோம். ஏப்ரலில் அது அடிவான விளக்கொளியில் மறைந்துவிடும். அதன்பின் முன்னிரவில் அதனைக் காண ஆண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டும். மார்ச்சுக்குரிய இரண்டாம் பட்டியலையும் எழுதி, முதற்பட்டியலுக்குப் பக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கின்றோம்.